நாலு விரல் சேறு

நவம்பர் 12, புதன்கிழமை, பகல் 12.50. அரிசி மூட்டை நாற்பது. நனைந்தது ஒன்றுகூட இல்லை. நான் இரண்டு முறை எண்ணிவிட்டேன். மூன்றாவது முறையாக வெள்ளச்சி அக்கா எண்ணிக்கொண்டிருக்கிறார். என் கணக்கின் மேல் அவருக்குள்ள மரியாதை அவ்வளவுதான்.

டேய், பலாக்கொட்டாய்க்கு வண்டி ஏறிவிட்டது. மழையில், முழுப் பாரத்தோடு, யாரும் தள்ளாமல், கயிறு கட்டி இழுக்காமல். இதை முதலில் உனக்குத்தான் போன் போட்டுச் சொல்லியிருக்க வேண்டும். நீ செத்து ஏழு மாதம் ஆகிறது. அதனால் எழுதுகிறேன்.

மழை இப்போது விட்டிருக்கிறது. பின்சக்கரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறேன். டயர் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கிறது. புது ரப்பர் வாசனை, அதன்மேல் செம்மண் வாசனை. இந்த ரப்பர் வாசனை என்னை நேராக உளுந்தூர்பேட்டை டயர் கடையில் கொண்டுபோய் நிறுத்துகிறது. போன வருஷம் நீயும் நானும் நின்ற அதே இடம்.

உனக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் வரிசையாக எழுதினால்தான் எனக்குத் தெளிவாகும். பலாக்கொட்டாயில் தொண்ணூறு வீடு. ரேஷன் அரிசி வாங்க மலைப்பாதையில் பதினொரு கிலோமீட்டர் இறங்க வேண்டும், இருபது கிலோவைத் தலையில் வைத்துக்கொண்டு அதே பதினொன்று ஏற வேண்டும். பெரும்பாலும் பெண்கள். ஊரிலேயே ஒரு பகுதிநேரக் கடை வேண்டும் என்று வார்டு மெம்பரான வெள்ளச்சி அக்கா மனு மேல் மனு போட்டார். வழங்கல் அதிகாரி மேடம் நியாயமாகத்தான் கேட்டார்: "கடை திறக்கறது பெரிய விஷயம் இல்லம்மா. மாசாமாசம் அரிசி மேல வரணுமே. மழைக்காலத்துல ஒரு தடவ ஏத்திக் காட்டுங்க, நான் எழுதறேன்."

அந்தப் பாதையில் ஏறக்கூடிய வண்டி நம்மிடம்தான் இருந்தது. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி, ரெண்டு டன் பாரம் தாங்கும். ஓட்ட நீ. மற்ற எல்லாவற்றுக்கும் நான். நான்தானே மெக்கானிக்கல் படித்தவன்.

டயர் வாங்கப் போன அன்று லேப்டாப்பில் அட்டவணை போட்டு எடுத்து வந்திருந்தேன். பன்னிரண்டரை அங்குல அகலம். கடைக்காரர் உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினதும் நீ சுற்றிச் சுற்றிப் பார்த்தாய்.

"இன்னாடா இது, யானைக்கால் வந்த மாதிரி கீது?"

நான் விளக்கினேன். அகலம் கூடினால் தரையைத் தொடுகிற பரப்பு கூடும், பரப்பு கூடினால் அழுத்தம் குறையும், அழுத்தம் குறைந்தால் சேற்றில் புதையாது. கடைக்காரரே தலையை ஆட்டினார். அதில் ஒரு வரியும் தப்பில்லை. இன்றைக்குக் கேட்டாலும் அப்படியே சொல்வேன்.

ஆனால் எந்தச் சேறு? அதை நான் கேட்கவே இல்லை. எங்களுக்கு ரிஷிவந்தியம் பக்கம் கரும்புக் காடு. எனக்குத் தெரிந்த சேறு, வெட்டு முடிந்த கழனியில் டிராக்டர் அச்சு வரைக்கும் முழுங்குகிற சேறு. அடி என்பதே கிடையாது. அங்கே அகலம்தான் காப்பாற்றும். சேறு என்றால் எங்கேயும் சேறுதான் என்று நினைத்துக்கொண்டு, கரும்புக் காட்டுக்கு டயர் வாங்கி மலைக்கு மாட்டினேன்.

நீ கடைசியாக ஒன்று சொன்னாய். "எனக்கு ஒண்ணும் புரியல. ஆனா நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

திட்டியிருக்கலாம் நீ.

அந்த ஐப்பசியில் நடந்ததைச் சுருக்கமாக எழுதுகிறேன், நீட்ட எனக்குப் பொறுமை இல்லை. ஊருக்கு அரை கிலோமீட்டர் இருக்கையில் கடைசிச் சரிவு. நூறு அடி நீளம்தான். பாதி ஏறினதும் வண்டி நின்ற இடத்திலேயே மிதந்தது. புதையவே இல்லை, நான் சொன்ன மாதிரியே. சேற்றின்மேல் தோணி மாதிரி மிதந்து, பக்கவாட்டில் நழுவி, ஓடைப் பள்ளத்தில் ஒருக்களித்துப் படுத்தது. நாற்பதில் முப்பத்தொன்று நனைந்தது. பெண்கள் ஓடி வந்து அரிசியைத் தார்ப்பாயில் பரப்பினார்கள், பரப்பப் பரப்ப மழை பெய்தது. வெள்ளச்சி அக்கா உன்னைப் பார்த்துக் கத்தினது மலை முழுக்கக் கேட்டிருக்கும். "ஓட்டத் தெரியாதவன் இன்னாத்துக்குடா வண்டில ஏர்ற? பொம்பளைங்க தலச்சுமையாவே கொண்டாந்திருப்போம்!"

மறுநாள் மேடம் கேட்டார். "என்ன ஆச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய். "என் தப்புதான் மேடம். ஏறச்சொல்லோ கியர்ல தடுமாறிட்டேன்."

நான் பேசுவதற்கு எப்படியும் பதினைந்து விநாடி இருந்தது. மேடம் பேனா மூடியைத் திறந்தார், பேப்பரை நேராக்கினார், எழுதினார். 'ஓட்டுநரின் கவனக்குறைவு.' பதினைந்து விநாடியும் நான் சும்மா நின்றேன்.

திரும்பி வரும்போது கச்சிராயபாளையத்தில் டீ குடிக்க நிறுத்தினோமே, அங்கே கேட்டேன், ஏன்டா அப்படிச் சொன்னாய் என்று. நீ பஜ்ஜியை ஊதிக்கொண்டே சொன்னாய்: "டயர் தப்புன்னா இந்த வண்டியே தப்புன்னு ஆயிடும். அப்பறம் எவன் ரெண்டாவது தபா வுடுவான்? டிரைவர் தப்புன்னா டிரைவர மாத்திக்கலாம்னு நெனப்பாங்க. யோசிடா இஞ்சினீரு."

யோசித்தேன். நீ சொன்னது சரி. அதனால் சும்மா இருப்பது எனக்கு இன்னும் வசதியாகப் போயிற்று.

அடுத்த வாரம் நீ கடப்பாரையை எடுத்துக்கொண்டு தனியாக மலைக்குக் கிளம்பினாய். நூறு நூறு மீட்டருக்கு ஒரு இடம், ஓங்கி ஒரு குத்து, அடியில் எங்கே டங்கென்று நிற்கிறதோ அதுவரைக்கும் சேறு எத்தனை விரல் என்று நோட்டில் எழுதிக்கொண்டு வந்தாய். நான் சிரித்தேன். "விரலெல்லாம் ஒரு அளவாடா? மண் பரிசோதனைக்கு மெஷின் இருக்கு."

"நீ கணக்கு போட்டுக்கினே இரு. நான் குத்திப் பாத்துட்டேன். நாலு விரலுடா! நாலே விரலு சேறு, அதுக்குக் கீழ பாறை. நம்ம வண்டி அந்த நாலு விரல் மேலயே ஆடிக்கினு கெடந்திருக்கு. ஒல்லி டயர் போடு, சேத்த அறுத்துக்கினு போயி பாறையப் புடிக்கும்."

அதோடு விட்டிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேனோ என்னவோ. நீ விடவில்லை. சேற்று டயர்தான் வேண்டும், பட்டன் பட்டனாகப் பெரிதாக, டிராக்டருக்கு இருப்பது மாதிரி என்றாய். அதில் நான் பிடித்துக்கொண்டேன். கீழே முப்பது கிலோமீட்டர் தார் ரோடு, அதில் பாதி கொண்டை ஊசி வளைவு. பட்டனுக்கும் பட்டனுக்கும் நடுவே கை நுழைகிற இடைவெளி இருந்தால், ஈரத் தாரில் ரப்பர் எங்கே தொடும்? பிரேக் போட்டால் நிற்குமா? நீ சொன்னாய், "தார் ரோட்ல ஓட்டத் தெரியாதா எனக்கு?" நான் சொன்னேன், "ஓட்டத் தெரியாதுன்னுதான ஃபைல்ல எழுதியிருக்கு."

சொன்னேன். அதை நான்தான் சொன்னேன். நீ என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, வண்டிச் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாய். மறுநாள் காலையில் வந்து ஒன்றுமே நடக்காத மாதிரி ஆயில் மாற்றிக்கொண்டிருந்தாய். டயர் பேச்சை மட்டும் நாம் அப்புறம் எடுக்கவில்லை.

சித்திரையில் உளுந்தூர்பேட்டை பைபாஸில், காய்ந்த தார் ரோட்டில், நல்ல வெயிலில், உன் பைக்குக்குப் பின்னால் வந்த வண்டி. அதைப் பற்றி எழுத மாட்டேன். எனக்குத் தெரிந்த எந்தக் கணக்கிலும் அது வராது.

முப்பதாம் நாள் முடிந்து உங்கள் அம்மா அந்த நோட்டைக் கொடுத்தார். "இன்னாமோ கிறுக்கி வெச்சிருக்கான்பா. உனக்காவது புரியுதா பாரு." நூற்றாறு வரி. நாலு, நாலு, மூணரை, நாலு, அஞ்சு. ஒரு இடத்தில் 'அட்டை கடிச்சிடுச்சு' என்று எழுதியிருந்தாய். அதற்கு நேராக அளவு இல்லை. உருப்படியாக ஒரு வேலை செய்ய மாட்டாய்.

ஆவணி மழையில் நானும் போனேன். கம்பியில் சென்டிமீட்டர் கோடு போட்டு எடுத்துக்கொண்டு, நீ குத்தின அதே நூற்றாறு இடம், அட்டை கடித்த இடம் உட்பட. உன்னைத் தப்பென்று காட்டத்தான் போனேன் என்று நினைக்கிறேன். உன் நாலு விரல் என் கம்பியில் ஏழு சென்டிமீட்டர். தொண்ணூற்றி மூன்று இடத்தில் அரை சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இல்லை. கடைசிச் சரிவில் மட்டும் நெருக்கி நெருக்கிக் குத்தினேன்: ஏழு, ஏழு, ஏழு. அதற்குக் கீழே கரும்பாறை. ஈரத்தில் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். விரல்தான்டா அளவு.

திரும்ப உளுந்தூர்பேட்டை. அதே கடை. "ஏழரை அங்குலம் வேணும்" என்றேன். கடைக்காரர் சிரித்தார். "ஊரே ஏழரை வேணாம்னு கோயிலுக்குப் போவுது, நீ தேடி வந்து கேக்குறியே தம்பி." அப்புறம் என் பின்னால் எட்டிப் பார்த்தார். "கூட ஒருத்தர் வருவாரே, யானைக்கால்னு கிண்டல் பண்ணிக்கினு? அவரு வரல?" சொன்னேன். அவர் போய் காற்றுப் பிடிக்கிற மெஷினை அணைத்தார். திரும்பி வந்து, "சேத்து டயர்தான?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். இங்கே கவனமாகப் படி, மேலே இருந்துகொண்டு முழுசாக ஜெயித்துவிட்டதாக நினைக்காதே. அகலம் உன்னுடையது. பட்டன் என்னுடையது. தார், கல், சேறு மூன்றுக்கும் பொதுவான ஆல் டெரெய்ன் டயர் எடுத்தேன். பட்டன்கள் நெருக்கமாக, ஒவ்வொன்றிலும் ஈரத்தை வழிக்க மெல்லிய கீறல்கள். ரேடியல், பதினாலு பிளை, அதாவது பதினாலு அடுக்கு பலம், கூர்ங்கல் கிழிக்காத கனத்த பக்கச்சுவர். பின்சக்கரம் ஒவ்வொன்றும் ஆயிரத்து நானூறு கிலோ தாங்க வேண்டும்; தாங்கும் எடையை டயரில் அச்சடித்த எண்ணிலேயே பார்த்துச் சரிகட்டினேன். காற்று தாரில் எழுபது, மலைப்பாதையில் நாற்பது, வேகம் பத்தைத் தாண்டக் கூடாது. ஸ்டெப்னியோடு ஐந்து. "ஸ்டெப்னிக்குப் பழசு போதுமே" என்றார் கடைக்காரர். போதாது என்றேன். ஒரு சக்கரம் மட்டும் வேறு அளவாக இருந்தால் நாலு சக்கர இழுவையில் கியர் பெட்டி உடையும். இதெல்லாம் உனக்குப் பிடிக்காத பேச்சு. பரவாயில்லை, கேள்.

மேடத்திடம் இன்னொரு வாய்ப்பு கேட்கப் போனேன். கோப்பை எடுத்துப் பார்த்தார். "டிரைவர மாத்திட்டீங்களா?"

"மாத்திட்டேன்" என்றேன். பொய் இல்லை. ஆனால் அங்கேயும் ஒரு பதினைந்து விநாடி வந்தது, அங்கேயும் சும்மாதான் இருந்தேன். "இது கடைசி" என்றார் அவர். "இந்தத் தடவயும் நனைஞ்சா இந்த ஃபைல நானே மூடிடுவேன். நானும் வண்டிலயே வரேன்."

ஆக இன்று காலை ஏழு மணிக்கு வண்டியில் நாற்பது மூட்டை, பக்கத்து சீட்டில் மேடம், ஸ்டியரிங்கில் நான். பாரத்தோடு அந்த மலையில் நான் ஓட்டினது அதற்கு முன் ஒரே ஒரு தரம், அதுவும் மணல் மூட்டை வைத்து, வெயிலில். மழை பிடித்துக்கொண்டது.

ஆறாவது வளைவில் மேலிருந்து ஒரு பஸ், ரோட்டில் என் பக்கத்துக்கே வந்துவிட்டது. பிரேக்கை மிதித்தேன். இரண்டு டன்னும் முதுகில் வந்து சாய்ந்தது. வண்டி நேராக, ஒரு கை அகலம்கூட நழுவாமல் நின்றது. பஸ் டிரைவர் எட்டிப் பார்த்து, "இன்னா தம்பி, ஒட்டிக்கினு நிக்குது!" என்றான். மேடம் கைப்பிடியை விடாமல் கேட்டார், "இது நல்லதா கெட்டதா?" "நல்லது மேடம்" என்றேன். அந்த வளைவு எனக்கு. உன் சேற்று டயர் போட்டிருந்தால் இந்தக் கடிதமே இருக்காது.

தார் முடிகிற இடத்தில் இறங்கிக் காற்றை இறக்கினேன். நாலு சக்கரம், நாற்பது நாற்பது. மேடம் குடையோடு நின்று பார்த்தார். "இருக்கற காத்தயும் புடுங்கறீங்களே?"

அப்புறம் அந்தச் சரிவு. ஊரே மேலே நின்றது. போன முறை ஓடி வந்த அதே பெண்கள், இந்த முறை தார்ப்பாயை முன்னாலேயே கையில் வைத்துக்கொண்டு. அதைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே. முதல் கியர், தாழ்ந்த வேகம், காலை ஆட்டாமல் வைத்துக்கொண்டேன். பாதியில் வண்டி லேசாக உட்கார்ந்தது. மேடம் "அய்யோ" என்றார். எனக்கும் அய்யோதான். உட்கார்ந்த வண்டி அங்கேயே நின்று, கீழே எதையோ கவ்வியது. ஸ்டியரிங் வழியாக என் உள்ளங்கைக்கு அது வந்தது, நறநறவென்று. பாறை. சேற்றை இரண்டு பக்கமும் கலப்பை மாதிரி ஒதுக்கிவிட்டு ஏழரை அங்குலம் பாறையில் நின்றுகொண்டு ஏறியது. மூச்சு வாங்காமல் ஏறியதடா! நூறு அடியும்! நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்குத் தெரியாது. மேடம் சொல்கிறார், ஒரு பெயரைச் சொல்லிக் கத்தினேனாம், அது உன் பெயராம்.

மேலே மூட்டை இறக்கி முடித்து, மேடம் வண்டி முகப்பிலேயே பேப்பரை வைத்துக் கையெழுத்துப் போட்டார். அடுத்த மாதத்திலிருந்து மாதத்தில் இரண்டு நாள் கடை. வெள்ளச்சி அக்கா அதை வாங்கி, படித்து, மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டார். அப்புறம் மேடம் சிரித்துக்கொண்டே சொன்னார், "பாத்தீங்களா, டிரைவர் சரியா இருந்தா எல்லாம் சரியாயிடுது."

மறுபடியும் பதினைந்து விநாடி. இந்த முறை எனக்கு ஒன்று போதுமாக இருந்தது.

"டிரைவர் அன்னிக்கும் சரிதான் மேடம். டயர்தான் தப்பு. அந்த டயர வாங்கினது நான். அவன் சும்மா பழிய ஏத்துக்கினான், நான் வாய மூடிக்கினு இருந்தேன். இன்னிக்கு ஏறுச்சே, இந்த அகலம் அவன் சொன்னது. பாதை முழுக்கக் குத்திப் பாத்துச் சொன்னான்."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெள்ளச்சி அக்கா என் எதிரில் வந்து நின்றார்.

"அந்தப் புள்ள இப்ப எங்க?"

"செத்துட்டான்க்கா. சித்திரையில."

"ஒரு வருசமா அவனத் திட்டிக்கினு கெடந்தேனே. கவுத்தவன் கவுத்தவன்னே பேரு வெச்சிருந்தோம். நீ இன்னாடா பண்ணிக்கினு இருந்த?"

"சும்மா இருந்தேன்க்கா."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சரி. இன்னிலேருந்து உன்னத் திட்டறேன். மூட்டய எண்ணிட்டு வந்து ஆரம்பிக்கறேன், எங்கயும் போயிடாத." சொல்லிவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டு எண்ணப் போனவர்தான், இன்னும் எண்ணுகிறார். நாற்பது மூட்டைக்கு இவ்வளவு நேரம் ஆகாது.

இன்று நீ ஜெயித்தாய், நானும் ஜெயித்தேன், இந்த ஊர் ஜெயித்தது. இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, அழுமூஞ்சிக் கடிதம் எழுத நான் உட்காரவும் இல்லை. ஒன்று மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. 'எனக்கு ஒண்ணும் புரியல, ஆனா நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்' என்றாயே, அதற்குத் தகுந்த ஆளாக நான் அன்றைக்கு இல்லை. இப்போதும் முழுசாக ஆகிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எந்த இடத்திலும் அளந்து பார்க்காமல் இப்போதெல்லாம் வாயைத் திறக்க முடியவில்லை. அளந்த பிறகு வாயை மூடவும் முடியவில்லை.

செய்ய வேண்டியவை:

1. கீழே தார் தொடங்கும் இடத்தில் காற்றைத் திரும்ப எழுபதுக்கு ஏற்றுவேன். மறந்தால் வளைவில் டயர் கழன்றுவிடும்.

2. நாளைக் காலை சக்கர நட்டுகள் எல்லாவற்றையும் மறுபடி முறுக்குவேன்.

3. பன்னிரண்டரை அங்குலம் நாலையும் எங்கள் கரும்புக் காட்டு டிரெய்லருக்கு மாட்டுவேன். அங்கே அவை சரியான டயர்.

4. வெள்ளிக்கிழமைக்குள் மேடத்துக்கு எழுத்தில் கொடுப்பேன். 'ஓட்டுநரின் கவனக்குறைவு' என்ற வரியை அடித்து, 'டயர் தேர்வில் பிழை' என்று எழுத வேண்டும், தேர்ந்தெடுத்தவன் பெயரோடு. அதன் நகல் ஒன்றை உங்கள் அம்மாவிடம் கொடுத்து, நானே வாசித்துக் காட்டுவேன்.

5. ஓடைக்கு அந்தப் பக்கம் இன்னும் இரண்டு ஊர் இருக்கிறதாம், அவர்களும் கேட்கிறார்கள். தை மாதம் போய்ப் பாதையைப் பார்த்துவிட்டு, முடியும் அல்லது முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்வேன்.

6. இதெல்லாம் அப்புறம். அக்கா எண்ணி முடித்துவிட்டார், நாற்பதுதானாம். முதல் மூட்டையைப் பிரித்துச் சோறு வடித்தாயிற்று, இலை போட்டாயிற்று, "திட்டு வாங்கறதுக்கு முன்ன சாப்ட்டுடு" என்று கூப்பிடுகிறார். இந்த மலையில் யாரும் தலையில் சுமந்து வராத அரிசிச் சோறு இது. போய் இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிடுவேன்.